காலுக்கேற்ற செருப்பு, கைக்கேற்ற விலை

வெள்ளிக்கிழமை மாலை ஜிந்துப்பிட்டி சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் வாசலில் கழற்றி விடப்பட்டிருக்கும் செருப்புகளைச் சற்று நின்று பார்த்தால், உள்ளே கும்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்களின் வாழ்க்கையை ஓரளவு ஊகித்துவிடலாம். குதி ஒருபக்கமாகத் தேய்ந்தவை, வார் அறுந்து நூலால் கட்டப்பட்டவை, மகனுடைய பழைய செருப்பைத் தாய் போட்டு வந்தவை என எத்தனையோ வகை. அன்று நான் கண்ட ஒரு சோடியில் இடது வாரைச் சட்டை ஊசி ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. அதைத் தேடி வந்து காலில் மாட்டியவர், எமது மாதாந்தப் பெண்கள் சந்திப்புக்குத் தவறாமல் வரும் ஓர் அக்கா.

"என்னக்கா, ஊசி காலில குத்தாதோ?" என்று கேட்டேன்.

"இது குத்தாது மிஸ். கடைக்குப் போட்டுக்கொண்டு போறதுதான் குத்துது" என்றார்.

அவர் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2009 இல் கணவரை இழந்தவர். அதே நாட்களில் அவருடைய இடது பாதத்திலும் செல் துண்டு பட்டது. இப்போது மகனின் படிப்புக்காக ஜிந்துப்பிட்டியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, புறக்கோட்டைப் புடவைக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். காலை ஒன்பது மணிக்கு ஏறி நின்றால் இரவு ஏழு மணிவரை நிற்க வேண்டும். ரப்பர் செருப்புடன் வேலைக்கு வரக் கூடாது, பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பது கடையின் கட்டளை. அதற்காக 1,200 ரூபா கொடுத்து, முன்பக்கம் கூரான, குதி உயர்ந்த செருப்பொன்றை அவசரத்தில் வாங்கினார். இரண்டு கிழமைக்குள் சின்ன விரலில் கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகிவிட்டது. கடைக்குள் அந்தச் செருப்பு, வீதியில் ஊசி குத்திய ரப்பர் செருப்பு என இரண்டையும் சுமந்து திரிந்தார்.

செருப்பு என்பது ஒரு கட்டுரைக்குரிய விடயமா என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். காணி, வீடு, கடன், காணாமற்போன உறவுகள் என்று நாம் பேச வேண்டியவை ஏராளம். ஆனால் அந்த அலுவல்கள் அனைத்துக்கும் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து திரிவது நமது கால்கள்தான். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்ணுக்குக் கால் பழுதானால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆகவே, குறைந்த பணத்தில் காலுக்கு இதமானதும் கண்ணுக்கு அழகானதுமான செருப்பை எப்படித் தெரிவு செய்வது என்பதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கிடைத்ததைப் போட்ட காலம்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோதும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தபோதும், செருப்பைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர்! நலன்புரி நிலையங்களில் நிவாரணமாகக் கிடைத்த செருப்புகள் பலருடைய காலுக்கு அளவாக இருக்கவில்லை. "எனக்கு ஆறு, தந்தது எட்டு. படகுமாதிரி இருந்தது. அதையும் விட்டால் சுடுமணலில நடக்கேலாது எண்டு போட்டன்" என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சொந்தக்காரர் தந்தது, வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பியது, மகனுக்குச் சிறிதாகிப்போனது என்று காலம் போயிருக்கிறது. தனக்குப் பிடித்த செருப்பென்று கடைசியாக வாங்கியது 2006 இல் என்றார்.

பண நெருக்கடி மட்டும் இதற்குக் காரணமல்ல. கணவன் இல்லாத பெண் நல்ல நிறத்தில் ஒரு செருப்புப் போட்டால், "இவளுக்கு இனி என்ன ஸ்டைல் வேண்டிக்கிடக்கு?" என்று கேட்கும் வாய்கள் இன்னும் நம் மத்தியில் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பயந்து தேய்ந்ததையும் மங்கியதையும் போட்டுக்கொண்டு, கண்ணில் படாமல் வாழப் பழகியவர்கள் பலர்.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். யார் காலில் செருப்பு இருக்கலாம் என்பதை நமது சமூகம் நெடுங்காலம் தீர்மானித்து வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் செருப்பணிவதும், அச்சமூகப் பெண்கள் மேலாடை அணிவதும் தடுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சாதியின் பெயரால் சமூகக் குறைபாடுகளைத் திணிப்பது குற்றம் என்று இலங்கையில் சட்டம் வந்தது 1957 இல்தான். இராமனின் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்துக் கும்பிட்ட கதையைக் கொண்டாடும் நாம்தான், அயலவரின் காலில் செருப்பைக் கண்டு கோபித்தும் இருக்கிறோம். விரும்பிய செருப்பை அணிவது பலர் போராடிப் பெற்ற உரிமை என்பதை மறந்துவிடக் கூடாது. விதவை என்ற காரணத்தைக் காட்டி அதை மீண்டும் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை.

கடைக்குப் போக முன்னர்

அடுத்த சந்திப்பில் அக்காவிடம், "நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய் ஒரு செருப்பு வாங்குவம்" என்றேன். கையில் 3,000 ரூபா வரை வைத்திருக்கலாம் என்றார். ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டார்.

போவதற்கு முன் அவருடைய அறையில் ஒரு காரியம் செய்தோம். நிலத்தில் கடதாசி விரித்து, இரண்டு பாதங்களையும் அதில் முழுப்பாரத்துடன் ஊன்றி நிற்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டோம். நமது ஊர்களில் சந்தைக்குப் போகிறவரிடம் பாத அளவுக்கு ஈர்க்கு முறித்துக் கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. ஈர்க்கு நீளத்தை மட்டுமே சொல்லும். கடதாசி அகலத்தையும் சொல்லும். அக்காவின் இடது பாதம் காயத்தின் பின்னர் அகன்று, வலதை விடப் பெரிதாக இருந்தது. "இவ்வளவு வித்தியாசமா!" என்று அவரே ஆச்சரியப்பட்டார். காயம் படாதவர்களுக்கும் இரண்டு பாதங்களும் சரிசமமாக இருப்பது அரிது. பெரிய பாதத்துக்கு அளவாக வாங்கி, சிறிய பாதத்தின் பக்கம் மெல்லிய உள்ளடி ஒன்றை வைத்துச் சரிசெய்வதே முறை.

கடதாசியை வெட்டி எடுத்துக்கொண்டால் அதைச் செருப்பின் மேல் வைத்துப் பார்க்கலாம். கடதாசி ஓரம் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செருப்பு நம்முடைய காலை நெருக்கும் என்பது போடாமலே தெரிந்துவிடும். ஊரிலிருக்கும் அம்மாவுக்கோ மாமிக்கோ வாங்கி அனுப்புகிறவர்களுக்கும் இது உதவும்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் முக்கியம். நாள் முழுவதும் நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளவாக இருக்கும் செருப்பு மாலையில் கடிக்கத் தொடங்குவது இதனால்தான். ஆகவே பின்னேரத்தில் போய் வாங்குவதே நல்லது. நாங்களும் வெயில் தாழ்ந்த பின்னரே புறப்பட்டோம்.

போட்டுப் பார்க்கும் முறை

ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெருவால், கதிரேசன் கோவில்களையும் நகைக்கடைகளையும் கடந்து நடந்தால் பிரதான வீதி வந்துவிடும். அங்கிருந்து குறுக்குத் தெருக்களுக்குள் இறங்கினால் நடைபாதைக் கடைகள், சிறு கடைகள், பெரிய கம்பனிகளின் காட்சியறைகள் என்று எல்லா விலையிலும் செருப்பு இருக்கிறது. முதல் கடையிலேயே வாங்கிவிடாமல், மூன்று நான்கு கடைகளில் விலை கேட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தோம்.

முதல் கடைத் தம்பி அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு வரும்" என்று ஒரு பெட்டியைத் திறந்தார். இந்த இலக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நமது கடைகளில் இரண்டு வகை அளவு முறைகள் கலந்திருக்கின்றன. 36, 37, 38 என்பது ஐரோப்பிய முறை. 3, 4, 5 என்பது ஆங்கில முறை. பெண்களின் செருப்பில் 37 என்பது ஏறக்குறைய ஆங்கில 4, 38 என்பது 5, 39 என்பது 6 எனக் கொள்ளலாம். ஐரோப்பிய முறையில் ஓர் இலக்கம் கூடினால் நீளம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றரும், ஆங்கில முறையில் ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றரும் கூடும். ஆனால் ஒரு கம்பனியின் 38 மற்றொரு கம்பனியின் 39 ஆக இருக்கும். ஆகவே இலக்கத்தை நம்பி வாங்காமல் காலை நம்பி வாங்க வேண்டும்.

அக்கா இருந்தபடியே வலது காலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். அங்கேதான் நாம் எல்லோரும் பிழை விடுகிறோம். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, கடைக்குள் பத்துப் பதினைந்து அடி நடந்து பார்க்க வேண்டும். இருக்கும்போது பாதத்தில் பாரம் இல்லை. நிற்கும்போதுதான் அது விரியும்.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. மூடிய சப்பாத்தானால் மிக நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். திறந்த செருப்பானால் விரலோ குதியோ அடிக்கு வெளியே தொங்கக் கூடாது. பாதத்தின் மிக அகன்ற இடத்தில், அதாவது விரல்கள் தொடங்கும் இடத்தில், வார் இறுக்கக் கூடாது. குதி ஒவ்வொரு அடிக்கும் வழுக்கி மேலெழும்பக் கூடாது. வாரின் உட்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலை உரசுவது தோலையும் உரசும்.

"கொஞ்சம் இறுக்கம்தான், போடப் போட இளகிடும் அக்கா" என்றார் தம்பி. தோல் ஓரளவு இளகும் என்பது உண்மை. ஆனால் ரெக்சின், பிளாஸ்டிக் வார்கள் பெரிதாக இளகுவதில்லை. செருப்பு இளகுமுன் கால் புண்ணாகிவிடும். கடையில் கடிக்கும் செருப்பை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அடியைத் திருப்பிப் பாருங்கள்

நாம் செருப்பின் மேற்பக்கத்தைப் பார்த்து மயங்குகிறோம். ஆனால் அதன் ஆயுள் அடியில் இருக்கிறது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ரப்பர் அடி பாரம் கூடியதாக இருந்தாலும் நன்றாகப் பிடிக்கும், உழைக்கும். மழை பெய்தால் வழுக்கும் கொழும்பு நடைபாதைகளுக்கு இது ஏற்றது. ஈ.வி.ஏ. எனப்படும் பஞ்சு போன்ற அடி மிகவும் இலேசானது. தொடக்கத்தில் மெத்தென்று இருக்கும், நாளடைவில் நசுங்கித் தட்டையாகிவிடும். பி.வி.சி. பிளாஸ்டிக் அடி விலை குறைந்தது. ஆனால் கடினமானது, ஈரத்தில் வழுக்கவும் கூடும்.

பி.யூ. எனப்படும் பொலியூரித்தேன் அடியைப் பற்றிச் சகோதரிகள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். அது மென்மையானது, நின்று வேலை செய்பவர்களுக்கு மிகவும் இதமானது. ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதன் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். நமது நாட்டுப் புழுக்கத்தில், போடாமல் பெட்டிக்குள் சில வருடங்கள் வைத்திருந்தாலும் அது பாண்தூள்போல உதிர்ந்துவிடும். கலியாண வீட்டுக்கென்று பத்திரப்படுத்திய சப்பாத்தின் அடி மண்டப வாசலில் கழன்று விழுந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அதன் இரகசியம் இதுதான். ஆகவே பாதி விலைக்குப் பழைய சரக்கைக் கழிக்கும்போது அடியை நகத்தால் அழுத்தியும் வளைத்தும் பாருங்கள். வெடிப்பு ஓடினாலோ தூள் உதிர்ந்தாலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நல்ல பி.யூ. செருப்பை வாங்கினால் பூட்டி வைக்காமல் அடிக்கடி போடுங்கள்.

அடுத்து, செருப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் முன்பகுதியில் அது வளைய வேண்டும். நடுவில் ஒடிவதுபோல் மடிந்தால் பாதத்தின் வளைவுக்கு அது தாங்குதல் கொடுக்காது. அடியும் மேற்பகுதியும் பசையால் மட்டும் ஒட்டப்பட்டதா, தைக்கப்பட்டதா என்றும் பாருங்கள். சுற்றிவரத் தைத்தது கூடுதலாக உழைக்கும்.

குதி உயரத்துக்கு வருவோம். குதி உயர உயர உடம்பின் பாரம் பாதத்தின் முன்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. பத்து மணிநேரம் நிற்பவர்களுக்கு விரல், முழங்கால், நாரி எல்லாம் நோவது இதனால்தான். அதற்காக முற்றிலும் தட்டையான மெல்லிய செருப்பும் நல்லதல்ல. ஓர் அங்குலம் அளவான, அகன்ற குதியே பலருக்கும் பொருந்தும். இன்னொரு சுவையான செய்தி: உயர்ந்த குதி முதலில் பெண்களுக்காக உண்டானதல்ல. பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் கால் வழுக்காமல் இருக்க அணிந்தார்கள். பின்னர் பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி சிவப்புக் குதி போட்டுத் திரிந்தான். ஆகவே குதி உயர்ந்தால்தான் பெண்மை, நாகரிகம் என்று எவரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மலிவு எது, நயம் எது?

அக்கா முதலில் வாங்கிய 1,200 ரூபாச் செருப்பு மூன்று மாதம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 400 ரூபா. 2,800 ரூபாவுக்கு வாங்கும் தரமான ஒன்று பதினான்கு மாதம் உழைத்தால் மாதத்துக்கு 200 ரூபாதான். மலிவானதை வாங்கியவரே இரண்டு மடங்கு செலவழிக்கிறார். புண்ணுக்கு மருந்தும் வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும் இதில் சேரவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எல்லாப் பொருட்களின் விலையும் ஏறியிருக்கும் நிலையில் இந்தக் கணக்கு இன்னும் அவசியமாகிறது. ஒரே தடவையில் பணம் புரட்ட முடியாதவர்கள், சீட்டுக்கட்டுவதுபோல மாதம் 250 ரூபா தனியாக ஒதுக்கினால் ஒரு வருடத்தில் 3,000 ரூபா சேரும்.

கம்பனிப் பெயருக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. 'பாட்டா' என்ற பெயர் நமக்கு எவ்வளவு பழக்கம் என்றால், எந்த ரப்பர் செருப்பையும் யாழ்ப்பாணத்தில் பாட்டா என்றே சொல்லுகிறோம். 1894 இல் இன்றைய செக் நாட்டில் தொடங்கிய கம்பனியின் பெயர் அது. 1962 இல் ஆரம்பித்த டி.எஸ்.ஐ. உள்நாட்டு நிறுவனம். 'சப்பாத்து' என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றதுதான். பெயர் பெற்ற கம்பனிகளில் வாங்குவதன் நன்மை, குறைபாடு இருந்தால் கேட்க ஓர் இடம் இருப்பது. ஆண்டுத் தள்ளுபடியின்போது அங்கேயும் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். சிறு கடைகளிலும் நல்ல சரக்கு உண்டு. ஆனால் அடியைத் திருப்பிப் பார்க்கும் கண் வேண்டும்.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஏமாற்றப்பட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். சீட்டு இல்லாவிட்டால் நியாயம் கேட்பது சிரமம்.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

நான்காவது கடையில் அக்காவின் அளவுக்கும் பணத்துக்கும் ஏற்றதாக மூன்று சோடிகள் கிடைத்தன. ஒன்று கறுப்பு, ஒன்று மண்ணிறம், மற்றது அரக்குச் சிவப்பு. "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு அக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "எது நல்லது மிஸ்?" என்றார். "மூன்றும் நல்லதுதான். உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று மீண்டும் கேட்டேன்.

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. கை கறுப்பில் இருந்தாலும் கண் அரக்குச் சிவப்பில் இருந்தது. "ஆரும் ஏதும் சொல்லுவினம்" என்றார். பிறகு, "சொல்லட்டும். கால் நோகேக்க ஆரும் வந்து தடவிவிடேல்லைதானே, தங்கச்சி" என்று அரக்குச் சிவப்பை எடுத்துக் காலில் மாட்டினார். அவர் என்னை மிஸ் என்று அழைக்காதது அதுதான் முதல் தடவை.

அகன்ற முன்பக்கம், குதிக்குப் பின்னால் வார், இறுக்கவும் தளர்த்தவும் கூடிய கொளுக்கி, ஓர் அங்குலக் குதி, தைத்த ரப்பர் அடி. 3,200 ரூபா சொன்னதை, கதைத்துப் பேசி 2,700 க்கு வாங்கினோம். ஸ்டைல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூன்று விடயங்களில்தான் தங்கியிருக்கிறது. பல உடுப்புகளுக்கும் பொருந்தும் ஒரு நிறம், சுத்தம், நிமிர்ந்து நடக்கும் நடை. கறுப்பு, மண்ணிறம், அரக்கு ஆகியன சேலைக்கும் சுரிதாருக்கும் ஒத்துப்போகும், அழுக்கும் எளிதில் தெரியாது. மணியும் மின்னும் கல்லும் ஒட்டியவை முதலில் உதிர்வதும் அவைதான். நடை என்பதோ, காலைக் கடிக்காத செருப்புடன் தானாக வருவது.

செயற்கைக் கால் அணியும் சகோதரிகளுக்கு

போரில் காலை இழந்த சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். ஜெய்ப்பூர் காலை வைத்தியர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவாக்கினார்கள். வெறுங்காலுடன் நடப்பதும் நிலத்தில் குந்துவதும் நமது வாழ்க்கைமுறை என்பதை உணர்ந்து செய்யப்பட்டது அது. கொழும்பு பிரெண்ட்-இன்-நீட் சங்கம் 1985 முதலும், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1987 முதலும் செயற்கைக் கால் பொருத்தும் பணியைச் செய்துவருகின்றன.

செயற்கைக் காலைப் பொருத்தும்போது ஒரு குறிப்பிட்ட குதி உயரத்தை மனதில் வைத்தே அதைச் சீர் செய்வார்கள். அதைவிட உயர்ந்த குதியுள்ள செருப்பைப் போட்டால் உடம்பு முன்னுக்குத் தள்ளப்பட்டு முழங்கால் மடிய முனையும். விழுந்துவிடும் ஆபத்து உண்டு. குதி குறைந்தால் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். ஆகவே எப்போதும் ஒரே உயரமான குதியையே தெரிவு செய்யுங்கள். வேறு உயரம் விரும்பினால் கால் பொருத்திய இடத்தில் முதலில் கேளுங்கள். செயற்கைப் பாதம் விரலை இறுக்கிச் செருப்பைப் பிடிக்காது. எனவே குதிக்குப் பின்னால் வார் உள்ள செருப்பே பாதுகாப்பானது. கடைக்குப் போகும்போது செயற்கைக் காலை அணிந்தே போங்கள்.

நீரிழிவு உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்பு கடிப்பது தெரியாமலே புண் வந்துவிடும். போடுமுன் உள்ளே கையை விட்டு, கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று பாருங்கள். புதிய செருப்பை முதல் நாள் ஒரு மணிநேரம் மட்டும் போட்டு, பின் பாதத்தில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியான வெயிலில் கோவில் வீதியை வெறுங்காலுடன் சுற்றுவதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

தைக்கும் கைகள்

திரும்பும் வழியில் நடைபாதையில் செருப்புத் தைக்கும் ஐயா ஒருவரிடம் நின்றோம். அக்காவின் இடது பாதம் அகன்றது என்பதால் வாரில் இன்னொரு துளை தேவைப்பட்டது. "புதுசிலேயே ஓரத்த ஒரு தையல் போட்டுக்கங்கம்மா, ஒரு வருசம் சும்மா ஓடும்" என்றார் அவர். துளைக்கும் தையலுக்கும் வலது காலுக்கான உள்ளடிக்குமாக 200 ரூபா வாங்கினார். அறுந்த பின் தைப்பதைவிட அறுமுன் தைப்பது மலிவு. பரம்பரையாக இந்தக் கைவேலையைச் செய்பவர்களைச் சாதிப் பெயரால் இழிவாகப் பேசும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஊரெல்லாம் நடக்க உதவும் கைகள் அவை. "ஐயா" என்று அழைத்து, கேட்ட கூலியைக் கொடுப்போம்.

மிச்சம் 100 ரூபாவுக்கு இரண்டு பிளேன்டீ குடித்தோம்.

ஒரு கதிரையும் வேண்டும்

எவ்வளவு நல்ல செருப்பானாலும் பத்து மணிநேரம் நிற்பதன் களைப்பை அது முழுமையாகத் தீர்க்காது. தேநீர் குடிக்கும்போது அக்கா, "கடையில ஆக்கள் இல்லாத நேரத்திலயும் இருக்க விடமாட்டினம்" என்றார். கேரளத்துப் புடவைக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கும் இதே நிலைதான் இருந்தது. கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி என்ற தையற்காரி 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் அவர்களை ஒன்றுசேர்த்தார். பல வருடப் போராட்டத்தின் பின் 2018 இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர்கள் இருப்பதற்கு ஆசனம் வழங்க வேண்டும் என்றது. 2021 இல் தமிழ்நாடும் அவ்வாறே சட்டம் செய்தது. ஒரு கதிரை கேட்பதை வெட்கமாக நினைக்காத பெண்கள் கூடியதால் வந்த மாற்றம் இது. நமது கடைகளிலும் தனியாக ஒருவர் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. நாலைந்து பேர் சேர்ந்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மட்டும் இருக்க இடம் தாருங்கள் என்று தன்மையாகக் கேட்பது தொடக்கமாக அமையலாம்.

சகோதரிகளே, அடுத்த தடவை செருப்பு வாங்கப் போகும்போது பாதத்தைக் கடதாசியில் வரைந்துகொண்டு போங்கள். பின்னேரம் போங்கள். இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். அடியைத் திருப்பிப் பாருங்கள். பற்றுச்சீட்டை வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முதல், எனக்கு எது பிடிக்கும் என்று உங்களையே ஒரு தடவை கேளுங்கள். தந்ததைப் போட்டு நடந்த காலம் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டிக் கோவில் வாசலில் அக்காவைக் கண்டேன். அரக்குச் சிவப்புச் செருப்பைக் கழற்றி, ஒரு பையில் போட்டு, கையோடு உள்ளே கொண்டுபோக ஆயத்தமானார். கோவில் வாசலில் செருப்புத் தொலைந்தால் பிடித்த சனி விட்டுப்போகும் என்று பெரியவர்கள் சொல்வதை நினைவூட்டினேன்.

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். "சனி போகாட்டியும் பரவாயில்லை தங்கச்சி. செருப்புப் போகக் கூடாது!"